முப்பத்தோராம் நாள் நான் கட்டிய கயிறு

பிள்ளையை முழுகவார்ப்பதற்கென்று நீல நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் பேசின் வாங்கி வைத்திருந்தோம். பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் வீடுகளில் குளிக்கிற அறைக்குள் ஒரு ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். அதனால் பேசினைக் குசினி மேசையில் வைத்துத்தான் வார்ப்பேன். யன்னலுக்கு வெளியே, தூண்களுக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடும். அது வரும்போது மேசையில் கிடக்கிற கரண்டிகள் கிலுகிலுக்கும். எவ்வளவு கத்திக்கொண்டிருந்தாலும் பிள்ளை உடனே வாயை மூடி, கண்ணை அகலத் திறந்து கேட்பான். மெத்ரோ போனதும் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்குவான். நானும் அவனுடைய தாயும் ஒவ்வொரு நாளும் அதற்குச் சிரிப்போம். ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் சிரிப்பு வரும்.

அவன் என் பேரன் இல்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போனபிறகு என் தம்பி என்னைப் பாரிசுக்கு எடுப்பித்தான். நாலாம் மாடியில் அவனுடைய வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு இளம் குடும்பம். மனைவி, அந்தப் பிள்ளை, சீலைக் கடையில் வேலைக்கு நின்றாள். புருசன் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். ஊரில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டு எங்கள் கட்டிடத்தில் தமிழ் ஆக்கள் ஒருத்தரும் சத்தமாகச் சிரித்ததில்லை. ரெலிபோன் அடித்தாலே நெஞ்சு பதறும். அந்த வருசக் கார்த்திகையில்தான் இவன் பிறந்தான். ஆசுப்பத்திரியில் இருந்து பிள்ளையைக் கொண்டுவந்த அன்று படிக்கட்டில் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் கதவிடுக்கால்தான் பார்த்தேன். எனக்கு ஆக்களோடு முகம் கொடுத்துக் கதைக்கக் கூச்சம். கடையில் சனம் நின்றால் மா மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, போனபிறகுதான் சாமான் கேட்பேன்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை என் கதவைத் தட்டினாள்.

"அன்ரி, எனக்கு இவனை முழுகவாக்கத் தெரியாது. கைக்குள்ளை வழுக்கிறான். வாங்கோவன்."

போனேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் போனேன்.

முப்பத்தோராம் நாள் பிள்ளை பிறந்த துடக்குக் கழித்தார்கள். பிள்ளைக்கு அரையில் கயிறு கட்ட வேண்டும். கறுப்பு நூல் முறுக்கி நான்தான் கொடுத்தேன். கட்டுவதற்கு வேறு யாரையாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பின்னுக்குப் போய் நின்றேன். நான் தாலி அறுத்தவள், பிள்ளையும் பெறாதவள். இப்படியான காரியத்துக்கு என் கை முன்னுக்கு வரக்கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"எங்கை போறியள்? நீங்கள்தான் கட்டவேணும்" என்றாள் அவள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. ஆரேனும் சுமங்கலியைக் கூப்பிடு."

"ஒவ்வொரு நாளும் இவன் மூத்திரம் பெய்யிறது உங்களுக்கு மேலை. கயிறு கட்ட மட்டும் வேறை ஆளோ?"

வீடு முழுக்கச் சிரித்தது. நான் கட்டினேன். கை நடுங்கியது. மூன்று முடிச்சுப் போட்டேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை.

மூன்று மாதம் போனது. பங்குனி மாதம் ஒருநாள், நல்ல வெயில். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. பிள்ளை கத்தாமல் காலை அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன்.

இதை எழுத எனக்கு வெட்கம். ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஆண்பிள்ளைக்கு விதைப்பை குளிரில் சுருங்கும், சூட்டில் தளரும். சகோதரங்களின் பிள்ளைகளை வார்த்து வளர்த்ததில் எனக்கு அது தெரியும். அந்த இளஞ்சூட்டில் இடப்பக்கம் கச்சான் கடலைப் பருப்பு அளவில் விதை தெரிந்தது. வலப்பக்கம் வெறும் தோல். எண்ணெய் பூசும்போது விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். இல்லை.

அதற்கு மேலே, இடுப்பில், நான் கட்டிய கறுப்புக் கயிறு இருந்தது.

என் மனம் போன போக்கைப் பாருங்கோ. விதை கீழே இறங்க வேண்டிய வழியைக் கயிறு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கட்டும்போது ஒரு விரல் போகிற இடம் விட்டேனா இல்லையா என்று நினைவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்ததல்லவா. அது மட்டுமா? கட்டியது யாருடைய கை? பிள்ளை இல்லாதவளின் கை. அந்தக் கை பட்டதால்தான் இந்த ஆண்பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்து ஏறி இருந்துகொண்டது.

ஒருத்தருக்கும் சொல்லவில்லை. தாய் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன். நாலு நாள் கழித்து இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு துண்டு நூல் சேர்த்து நீட்டினேன். ஒவ்வொரு நாளும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். கயிறு இறங்கியது. இறங்க வேண்டியது இறங்கவில்லை. ஆவணி மாதம் வந்தபோது அந்தக் கயிறு இடுப்பில் நிற்கவில்லை. பம்பஸ் போட்டால்தான் நிற்கும்.

இங்கத்தைக் கோயில் தேர்த் திருவிழாவுக்கு முந்தின கிழமை லாச்சப்பல் கடைகளில் நிற்க இடமில்லை. நான் பிள்ளையைக் கொண்டுபோய்த் தாயிடம் காட்டப் போனேன். அவள் சீலைகளுக்கு நடுவில் நின்று அவனைத் தலைக்கு மேலே தூக்கினாள். வெயிலென்று அவனுக்கு மெல்லிய சட்டை ஒன்றுதான், பம்பஸையும் அப்போதுதான் கழற்றியிருந்தேன். கயிறு இடுப்பில் இருந்து கழன்று, காலால் வழிந்து, சீலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் தோளில் விழுந்தது. அந்த அம்மா பாம்பென்று நினைத்துக் குளறினார்.

"அன்ரி, இதென்ன, கயிறு கட்டினனீங்களோ, தோரணம் கட்டினனீங்களோ?" என்று தாய் கேட்டாள். கடை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கண்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து, இடுப்பில் நிற்கிற அளவுக்கு மட்டும் கயிற்றைக் குறுக்கித் திரும்பவும் மூன்று முடிச்சுப் போட்டேன்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்தவள் குசினிக்குள் வந்து நின்றாள். "என்ன அன்ரி? ஏன் அப்ப அழுதனீங்கள்?"

என்ன சொல்லிச் சொல்வது? அந்த உறுப்புக்கு எனக்குத் தெரிந்த சொற்கள் இரண்டு வகை. ஒன்று புத்தகத்தில் இருக்கிற சொல், அது என் வாயில் வராது. மற்றது தெருவில் பெடியள் திட்டும்போது சொல்கிற சொல், அதை நான் சொல்ல மாட்டேன். பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டேன். பிள்ளையை இருத்தினேன்.

"கையைக் கழுவிப்போட்டு இஞ்சை வா" என்றேன்.

வந்தாள். அவளுடைய விரலைப் பிடித்தேன்.

"இதிலை தொட்டுப் பார். மெதுவா. இருக்கெல்லே?"

"ஓம்."

"இப்ப மற்றப் பக்கம்."

அவள் தொட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் தொட்டாள். "இல்லை அன்ரி."

"இல்லைத்தான்."

"உங்களுக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"பங்குனி தொடக்கம்."

"பங்குனியோ!" அவள் எனக்குக் கோபமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு ஓடிப்போய்ப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துவந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பிறந்த முதல் கிழமைப் பக்கத்தில் டொக்டர் ஒரு வரி எழுதியிருந்தார். வலப்பக்க விதை இறங்கவில்லை, ஆறாம் மாதம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று. அவள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குச் சொன்னவர் அன்ரி. சில பிள்ளையளுக்குத் தானா இறங்கும், பார்ப்பம் எண்டு சொன்னவர். நான் அதைப் பயமில்லை எண்டுதான் எடுத்தனான். ஆறாம் மாசம் டொக்டரிட்டைப் போற ரொந்தேவு அண்டைக்குக் கடையிலை ஆளில்லை எண்டு தள்ளிப்போட்டன். பேந்து மறந்தே போனன்."

நான் ஒன்றை ஒளித்தேன், அவள் ஒன்றை மறந்தாள். நடுவில் அந்த வீரன் தண்ணீரைக் கையால் அடித்து எங்கள் இரண்டு பேரின் முகத்திலும் தெறிக்கவைத்தான்.

குடும்ப டொக்டர் பெரிய ஆசுப்பத்திரிக்குக் கடிதம் தந்தார். அங்கே சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் ஒரு இளம் பெண். பிள்ளை என் மடியில்தான் கத்தாமல் இருப்பான் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். டொக்டர் உள்ளே வந்ததும் தகப்பன் மனிசியின் காதில் ஏதோ சொன்னான். அவள் எனக்கும் கேட்கிற மாதிரியே பதில் சொன்னாள்.

"பொம்பிளை டொக்டரெண்டால் என்ன? காட்டப்போறவனுக்கு வெக்கமில்லை, உங்களுக்கு என்னத்துக்கு வெக்கம்?"

அந்த டொக்டர் முதலில் தன் கைகளை ஒன்றோடொன்று உரசிச் சூடாக்கினார். அதைக் கண்டதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. குளிர்ந்த கையால் தொட்டால் சில பிள்ளைகளுக்கு மேலே ஏறிவிடும், பிறகு தானாக இறங்கும், அது பயமில்லை என்றார். இவனுடையது அப்படி இல்லை. வலப்பக்கக் கவட்டுக்கு மேலே விரலை வைத்து, "இதோ இங்கே நிற்கிறார்" என்று சிரித்தார். கட்டிலில் விரித்திருந்த கடதாசியில் பேனையால் ஒரு படம் கீறினார். தாய் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"வயித்துக்குள்ளை பிள்ளை இருக்கேக்கை இது சிறுநீரகத்துக்குக் கிட்டத்தான் உண்டாகுமாம் அன்ரி. பேந்து பிறக்கிறதுக்கு முன்னம் கீழை இறங்கி வருமாம். இவனுக்கு ஒண்டு வழியிலை நிண்டிட்டுதாம்."

"லாச்சப்பலுக்கு வாற மெத்ரோ முன் ஸ்ரேசன் பார்பேஸிலை நிண்ட மாதிரி" என்றான் தகப்பன். பயம் வந்தால் பகிடி விடுகிறவன் அவன்.

"வழியிலை நிண்டா என்ன? ஒண்டு இருக்குத்தானே?" என்று பிறகு கேட்டான். அந்தக் கேள்வியில் பகிடி இல்லை.

டொக்டர் அவசரப்படாமல் சொன்னார். உடம்புக்குள் சூடு கூட. விதைக்கு அந்தச் சூடு ஆகாது. அது வெளியே, கொஞ்சம் குளிராக இருக்க வேண்டிய பொருள். உள்ளே வருசக்கணக்காய்க் கிடந்தால் அது கெட்டுப்போகும், பிற்காலத்தில் பிள்ளை உண்டாவது கஷ்டமாகலாம். இரண்டு பக்கமும் அப்படியே விட்டால் மிகவும் கஷ்டம். குடலிறக்கம் கூடவே வரலாம். விதை முறுகிப்போனால் பொறுக்க முடியாத வலி வரும், உடனே பார்க்காவிட்டால் அது செத்துப்போகும். வளர்ந்து பெரியவனான பிறகு அதில் புற்றுநோய்க் கட்டி வருகிற வாய்ப்பும் மற்ற ஆக்களைவிடக் கொஞ்சம் கூட. எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் அது தானாக இறங்குவது அரிது. ஒரு வயதை அண்டிச் சின்ன ஒப்பரேசன் செய்து கீழே கொண்டுவந்து தைத்துவிட்டால் ஆபத்துக் குறையும். கீழே இருந்தால் பிறகு தொட்டுப் பார்த்துக் கவனிக்கவும் முடியும். காலையில் வந்தால் பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்.

எல்லாரும் எழும்புகிற நேரம். நான் தாயின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"டொக்டரிட்டை ஒண்டு கேள் பிள்ளை. நான் அந்தக் கயிறை இறுக்கிக் கட்டினதாலையோ இப்பிடி?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "இதையோ அன்ரி இவ்வளவு நாளும் நெஞ்சிலை வைச்சிருந்தனீங்கள்? அதுதானோ கயிறு நீண்டு நீண்டு போனது?"

மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த டொக்டர் சிரிக்கவில்லை. பிள்ளையின் கயிற்றுக்குள் தன் இரண்டு விரலை விட்டு, ஆட்டிக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"பிறக்கேக்கையே அது இறங்கேல்லையாம். நீங்கள் கட்டினது ஒரு மாசத்துக்குப் பிறகு. கயிறுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். ஆனா ஒவ்வொரு நாளும் பிள்ளையை இளஞ்சூட்டுத் தண்ணியிலை வைச்சுப் பார்த்த மாதிரி டொக்டராலையே பார்க்கேலாதாம். கண்டுபிடிச்சது நீங்களாம்."

ஆசுப்பத்திரியை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது என் நெஞ்சு காற்றுப் போல் இருந்தது. யாரும் பார்க்காத நேரம் பிள்ளையின் உள்ளங்காலைக் கொஞ்சினேன்.

ஆனால் ஒப்பரேசன் நடக்கவேண்டுமே. தகப்பன் தன் தாயாரைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டான். அவனுடைய தாயார் யாழ்ப்பாணத்தில். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெலிபோனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டான்.

"கத்தி வைக்க விடாதை மோனே! தானா இறங்கும். பச்சைப் பிள்ளையை மயக்கிறதோ? வெளியிலை தெரிஞ்சா நாளைக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"பல்லு நாலு முளைக்கேல்லை, மாமி கலியாணம் பேசுறா" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

"ஆர் அங்கை புறுபுறுக்கிறது? ஒப்பரேசன் கதையை விடு. ஒண்டு இருக்குத்தானே, அதே காணும்."

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா சொல்லுறதும் சரிபோலை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பம்" என்றான். அவள் முகம் வாடிப்போனது. பிள்ளை நிலத்தில் தவழ்ந்து என் காலைப் பிடித்து எழும்ப முயன்றுகொண்டிருந்தான். அடுத்த மாதம் வந்தால் அவனுக்கு ஒரு வயது.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ரெலிபோனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் எது என்று தெரியாததால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, நான் மேல்வீட்டிலை இருக்கிறனான். பிள்ளையை முழுகவாக்கிறது நான்தான்."

"ஓ, சொல்லுங்கோ."

நான் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருத்தருக்கும் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு மனிசிக்குச் சொன்னேன். இங்கேயும் பெயர் போடாமல் எழுதுவதால் எழுதுகிறேன்.

என் கணவர் நல்ல மனிதர். கலியாணமாகி ஏழு வருசம் கழித்து ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார், தனக்குச் சின்னனில் இருந்தே இரண்டும் இறங்கவில்லை, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று தாயார் சத்தியம் வாங்கினவர் என்று. அதோடு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். அதற்கும் எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விரதம் பிடித்தது நான். நேர்த்தி வைத்தது நான். பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளில் பின்வரிசையில் இருந்தது நான். அந்த டொக்டர் கடதாசியில் படம் கீறிய அன்றுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பக்கம் ஒரு காகம் கத்துவது கேட்டது.

"எத்தனை வருசம் உங்களைக் குறை சொல்லியிருப்பினம்" என்றார் அந்த அக்கா.

"அது போகட்டும் அக்கா. இவனுக்கு இப்ப செய்யலாம் எண்டு டொக்டர் சொல்லுறா."

"போனை அவனிட்டைக் குடுங்கோ."

கொடுத்தேன். தகப்பன் காதில் வைத்துக் கேட்டான். "ஓம் அம்மா. ஓம். ஓமம்மா, செய்விக்கிறம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்ன அன்ரி சொன்னனீங்கள்?"

"சும்மா. பொம்பிளையள் கதைக்கிறதுதான்" என்றேன். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போய் மூடினேன்.

பிறந்தநாளுக்கு இரண்டு கிழமை முன்னம் ஒப்பரேசன். தண்ணீர்கூடக் குடிக்கக் கொடுக்காமல் விடியவே கொண்டுபோனோம். தாதி பிள்ளைக்குச் சின்னச் சட்டை மாற்றும்போது அரைக்கயிற்றைக் காட்டி, இதைக் கழற்ற வேண்டும் என்றாள். மூன்று முடிச்சும் தண்ணீரில் ஊறி இறுகிப்போயிருந்தன. கத்தரிக்கோல் தந்தாள். தாய் அதை என் கையில் வைத்தாள்.

"கட்டினது நீங்கள். வெட்டுறதும் நீங்களே."

கத்தரியின் குளிர் பட்டதும் பிள்ளைக்குக் கூச்சம் பொறுக்கவில்லை. கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடேயே அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடியபிறகும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அறுந்த நூலைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காத்திருந்த நேரம் தகப்பனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கடையில் இருந்து ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் பொரித்துக் கொண்டு வந்திருந்தான். மனிசி வேண்டாம் என்றாள், நானும் வேண்டாம் என்றேன். அங்கே இருந்த ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் நீட்டினான். ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் மூன்று தின்று, உறைப்பில் கண்ணீர் வந்து, நாலாவதும் எடுத்தார். எல்லாரும் எதற்காக இருக்கிறோம் என்பதை மறந்து அந்த மனிசனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது டொக்டர் தொப்பியோடு வெளியே வந்தார். இரண்டு விரலை நிமிர்த்திக் காட்டினார். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தகப்பன் அவருக்கும் ஒரு றோல் நீட்டினான். அவரும் எடுத்தார்.

கண் விழித்த பிள்ளைக்கு வலியைவிடப் பசிதான். எங்கள் மூன்று பேரிலும் கோபம். பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

காயம் ஆறும்வரை பேசினில் இருத்தக்கூடாது. ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. பிள்ளைக்கு அது பெரிய மனத்தாங்கல். பேசினைக் காட்டிக் காட்டிக் கத்துவான். எனக்கும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

பிறந்தநாளுக்குப் பாரிசுக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில் மண்டபம் எடுத்திருந்தார்கள். கறுப்புக் கோட்டும் இறுக்கமான காற்சட்டையும் கழுத்துக்கு வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு பட்டியும் ஒப்பரேசன் பேச்சு வருவதற்கு முதலே வாங்கி வைத்தாயிற்று. அன்று காலை டொக்டர் சொன்ன கெடு முடிந்திருந்தது. முதல் முழுக்கு. பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர். அவன் ஆசையோடு அதற்குள் இருந்தான். நான் பார்த்தேன். தாய் பார்த்தாள். தகப்பன் எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். மெத்ரோ போனது, கரண்டிகள் கிலுகிலுத்தன, நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டும் இருக்கு" என்றான் தகப்பன். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

அந்தக் காற்சட்டையைப் போட்டுப் பார்த்தால், தழும்பில் உரசியது. எங்கள் சின்ன ஐயா கத்திய கத்தில் தாய் அதைக் கழற்றி எறிந்தாள். கடைசியில் தகப்பனின் பட்டுச் சால்வையை மடித்து வேட்டியாகக் கட்டினேன். மேலே கோட்டு, கீழே வேட்டி. கால் இரண்டையும் அகட்டி வைத்து, தாத்தாமார் நடக்கிற மாதிரி மண்டபத்துக்குள் நாலு அடி நடந்தான். அதுதான் அவன் நடந்த முதல் நடை. சனம் கைதட்டியது. ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, பிரான்சில் பிறந்தும் பிள்ளைக்கு வேட்டி கட்டிப் பண்பாட்டைக் காப்பாற்றுகிற பெற்றோர் என்று ஐந்து நிமிடம் பாராட்டினார். நானும் தாயும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிப்போய்ச் சிரித்தோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து அப்பம்மா வெள்ளியில் ஒரு அரைஞாண் அனுப்பியிருந்தார், யாரோ வந்த ஆளிடம் கொடுத்து. அதோடு ஒரு கடதாசித் துண்டு. "இதை அந்த அன்ரிதான் கட்டவேணும்" என்று எழுதியிருந்தது. சனத்துக்கு முன்னால் கட்டினேன். இந்த முறை கை நடுங்கவில்லை. இரண்டு விரல் போகிற இடம் விட்டேன்.

அந்த மாதத்திற்குள் லாச்சப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒளிக்க வேண்டாம் என்று தாய்தான் சீலை மடித்து மடித்து எல்லாருக்கும் சொன்னாள். ஒருநாள் புறநகர் ஸ்தேனில் இருந்து ஒரு இளம் தாய், கைக்குழந்தையோடு என் கதவைத் தட்டினாள். "அன்ரி, ஒருக்காப் பாருங்கோவன்." அதற்குப் பிறகு வில்லியே லே பெலில் இருந்து இன்னொருத்தி. நான் டொக்டர் இல்லை என்று சொல்லித்தான் உள்ளே விடுவேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நீயே பார், பிறந்த கிழமைப் பக்கத்தில் டொக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று வாசி, ஆறு மாதம் தாண்டியும் இல்லையென்றால் உடனே கொண்டுபோ, ரொந்தேவைத் தள்ளிப்போடாதே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை நான்தான் சொல்கிறேன். மா மூட்டைக்குப் பின்னால் நின்ற நான். இப்போது விதை என்கிற அந்தச் சொல்லும் வாயில் வருகிறது. புத்தகத்துச் சொல்தான்.

அவன் இப்போது என்னைவிட இரண்டு சாண் உயரம். பதினைந்து வயது. இறுக்கமான காற்சட்டை போடாத நாளில்லை. வளர்ந்ததும் மாதத்துக்கொருமுறை சுடுதண்ணீரில் குளிக்கும்போது தானே தொட்டுப் பார்க்கப் பழக வேண்டும், கட்டியோ கனமோ வலியோ இருந்தால் மறைக்கக்கூடாது என்று அந்த டொக்டர் அப்போதே சொல்லி அனுப்பினவர். போன சனிக்கிழமை தகப்பன் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். நானும் தாயும் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே பிரெஞ்சும் தமிழும் கலந்து கொஞ்ச நேரம் கேட்டது.

கதவு திறந்தது. பெடியன் காது வரைக்கும் சிவந்து போய் வந்தான். கையில் சுகாதாரப் புத்தகம். என்னைக் கண்டதும் நின்றான்.

"அன்ரி, உங்களுக்கும் தெரியுமோ இது?"

"நான்தான் ராசா முதல் கண்டனான்."

"செ பா வ்ரே!" என்று குளறினான். உண்மையாய் இருக்காது என்று அர்த்தம்.

"உண்மைதான். உன்ரை கயிறு இன்னும் என்ரை பெட்டிக்குள்ளை கிடக்கு. காட்டவோ?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் ஒரு பாட்டம் கத்தத் தொடங்கினான். தாய் சிரிப்பில் தேத்தண்ணீரைச் சிந்தினாள். அந்த நேரம் யன்னலுக்கு வெளியே மெத்ரோ வந்தது. கரண்டிகள் கிலுகிலுத்தன. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். போனதும் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினான்.